அரைப்படிக்குறிச்சியார் டர்போ சோதித்த கதை

அரைப்படிக்குறிச்சிக்காரர்களின் அறிவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு சட்டென்று முடிந்துபோகும். ஆகவே அவர்களுடைய காரைப் பற்றிப் பேசுவோம்.

அது நல்ல கார். வெள்ளை நிறம், டர்போ எஞ்சின், மேட்டைக் கண்டால் மிரளாத வண்டி. மதுரையில் யாரோ விற்றதைத் தளவாய் மாமா வாங்கி வந்திருந்தார். ஊரில் கார் ஓட்டத் தெரிந்தவன் பூதப்பாண்டி ஒருத்தன்தான் என்பதால், அவனுக்கு விமானம் ஓட்டுகிறவன் நடை வந்துவிட்டது. மாமா முன்சீட்டில் வெற்றிலைக் கட்டோடு உட்காருவார். பின்சீட்டில் நயினார். அவனுக்கு வளைவு கண்டால் குமட்டும், ஆனாலும் கார் எங்கே போனாலும் அவனும் போயாக வேண்டும். அவன் பக்கத்தில் மாமாவின் தங்கை மகன் கோமதிநாயகம். கதை இவனுடையதுதான். ஆள் ஒல்லி, மனசு பஞ்சு. மூளையைப் பற்றி மேலே பொதுவாகச் சொல்லியாச்சு.

கோமதிநாயகத்துக்குப் பெண் பார்க்க, மலைமேல் இருக்கிற தேன்பாறைக்கு அந்தக் காரில்தான் போனார்கள். விடிந்ததும் கிளம்பினவர்கள், பஜ்ஜி ஆறி, சொஜ்ஜி இறுகி, பெண்வீட்டுச் சனத்தில் பாதி எழுந்து போன பிறகு போய்ச் சேர்ந்தார்கள். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அதைத் தாண்டினால் ஒரு மந்தை ஆடு குறுக்கே வந்தது. மலை அடிவாரத்தில் டயரில் ஆணி ஏறியது. மலை ஏறும்போது நயினாருக்கு வாந்தி. யாருமே போனுக்குச் சார்ஜ் போடவில்லை, அதனால் பெண்வீட்டார் கூப்பிட்டது கேட்கவில்லை. வாசலில் இறங்கும்போது மாமாவின் வெற்றிலைக் கட்டு தீர்ந்திருந்தது. கடைசி வாய்ச் சாற்றைக் கோலத்தின் மேலேயே துப்பினார்.

பெண்ணின் அப்பா ஆவுடையப்பன் கடிகாரம் பார்த்துத் தும்முகிற மனிதர். இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அவர் மகள் பிரம்மசக்தி, ஆறின பஜ்ஜிகளுக்குள் தேடி, பெரிதாக, முனை உடையாத ஒன்றை எடுத்துக் கோமதிநாயகத்தின் தட்டில் வைத்தாள். அவன் அதைக் கையில் பிடித்தபடி, சாப்பிட மறந்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் முகத்தைப் பார்த்த ஆவுடையப்பன் திறந்த வாயை மூடி, மறுபடியும் திறந்தார்.

"புள்ளைக்குப் பிடிச்சிருந்தா எனக்கும் சம்மதம். ஆனா ஒண்ணு. கல்யாணத்தன்னைக்கு முகூர்த்த நேரத்துக்கு வந்து சேரணும். நேரம் தவறிச்சுன்னா பந்தலைப் பிரிச்சிருவேன்."

சரி சரி என்று தலையாட்டிவிட்டு, எதிர்க் குன்றில் இருக்கிற முருகன் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

அன்று முதல் கோமதிநாயகத்துக்கு ஒரே கவலை. பிரம்மசக்தி போனில் பேசும்போதெல்லாம் கடைசியில், "அப்பா சும்மா சொல்லல. நேரத்துக்கு வந்துருங்க, என்ன?" என்பாள். அந்த "என்ன"வைக் கேட்டுக் கேட்டு, ஒருநாள் நேராக மாமாவிடம் ஓடினான். நிறுத்தி வைத்திருந்த காருக்குள் நாலு பேரும் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு யோசித்தார்கள். காருக்குள் உட்கார்ந்தால்தான் காரைப் பற்றி யோசனை வரும் என்பது மாமாவின் கொள்கை.

"நாம ஏன் பிந்தினோம்?" என்று மாமா ஆரம்பித்தார்.

"கேட் மூடிக் கெடந்துச்சு" என்றான் கோமதிநாயகம்.

"கேட்டைக் குத்தம் சொல்ல முடியாது மருமவனே. அது அரசாங்கம்."

"ஆடு வந்துச்சு" என்றான் பூதப்பாண்டி.

"வாயில்லா சீவன். அதை எப்படிச் சொல்ல?"

"நான் வாந்தி எடுத்தேன்" என்று நயினார் தானே ஒத்துக்கொண்டான்.

"நீ நம்ம பய. ஒன்னையச் சொன்னா நம்மளைச் சொன்ன மாதிரி."

கண்ணாடி ஏற்றியிருந்ததால் எல்லாருக்கும் வேர்த்து ஊற்றியது.

"அப்ப பாக்கி இருக்கது காருதான்" என்றார் மாமா. "காருக்கு வேகம் பத்தலை."

எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். இருந்த ஐந்து பேரில் அறிவோடு இருந்தது கார் ஒன்றுதான். அதற்குப் பேசத் தெரியாதது அதன் தலையெழுத்து.

காரை டவுனில் மெக்கானிக் ஐசக் அண்ணாச்சியிடம் கொண்டுபோனார்கள். அவர் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தார். படுத்தபடியே பேசினார்.

"எஞ்சினுக்குள்ள கம்ப்யூட்டர் இருக்கு. அதுல கணக்கை மாத்தி எழுதினா டர்போ இன்னும் பலமாக் காத்தை அமுக்கும், வண்டி பிச்சிக்கிட்டுப் போகும். ஆனா குடுக்கிற துட்டுக்கு எல்லாருக்கும் அது தகும்னு சொல்ல மாட்டேன். செலவு ஜாஸ்தி."

"தகுமா தகாதான்னு எப்படித் தெரியும் அண்ணாச்சி?" என்று கேட்டான் கோமதிநாயகம்.

"மாத்தித் தாரேன், ஓட்டிப் பாருங்க. முன்ன போன அதே ரோட்டுல போங்க. இந்த ஒண்ணைத் தவிர மத்ததெல்லாம் முன்ன இருந்த மாதிரியே இருக்கணும். அப்பத்தான் வித்தியாசம் தெரியும். தகும்னா துட்டைக் கொண்டாங்க. தகாதுன்னா வண்டியைக் கொண்டாங்க, பழையபடி ஆக்கிருதேன்."

"மத்ததெல்லாம் அப்படியே இருக்கணும்" என்று கோமதிநாயகம் மனப்பாடம் பண்ணிக்கொண்டான். அவன் வாழ்க்கையில் மனப்பாடம் பண்ணிய முதல் விஷயம் இதுதான். நாசமாய்ப் போக இது ஒன்றே போதுமானதாக இருந்தது.

வேலை முடிந்து வண்டியைக் கொடுக்கும்போது அண்ணாச்சி, "டர்போவுக்குக் காத்துதான் சாப்பாடு. நல்ல காத்து தாராளமா உள்ள போகணும்" என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தார். பானெட்டைத் தூக்கி வைத்தபடியே ஊருக்கு ஓட்டி வந்தார்கள். பூதப்பாண்டிக்கு எதிரே பானெட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. நயினார் ஜன்னல் வழியே இடுப்புவரை வெளியே தொங்கி, "லாரி வருது", "லாரி போயிருச்சு", "எருமை நிக்குது" என்று சொல்லிக்கொண்டே வந்தான். எருமை நிற்பதைக் கொஞ்சம் பிந்திச் சொன்னான். காருக்கு ஒரு விளக்கு போயிற்று. எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஓடி வந்ததும் அணைச்சிராதீங்க, கொஞ்சம் ஆற விடணும்" என்றும் அவர் சொல்லியிருந்தார். ஆகவே வீட்டு வாசலில் எஞ்சினை ஓடவிட்டு, நாலு பேரும் சுற்றி நின்று பனை ஓலை விசிறியால் வீசினார்கள். மாமா காப்பியை ஆற்றுகிற மாதிரி வாயாலும் ஊதினார்.

அடுத்தது சோதனை. தேன்பாறைக்கு இன்னொரு தடவை போக வேண்டும்.

"எப்படியும் கல்யாணத்துக்கு அங்கதான போறோம்? அன்னைக்கே பாத்துருவோம். எண்ணெய் மிச்சம்" என்றார் மாமா. இதைக் கேட்டு மற்ற மூவருக்கும் அவர் மேல் மரியாதை கூடியது.

ஊர்ச்சனம் எல்லாம் கல்யாணத்துக்கு முந்தின நாளே வேன் பிடித்துத் தேன்பாறைக்குப் போய்விட்டது. வேனில் ஒரு சீட்டு காலியாகவே போனது. மாப்பிள்ளை அதில் ஏறி உட்கார்ந்திருந்தால் கதை கல்யாணச் சாப்பாட்டோடு முடிந்திருக்கும். உட்காரச் சொல்லி அவன் அம்மா கெஞ்சினாள். "நான் இல்லேன்னா எடை மாறிப்போவும்மா" என்று சொல்லிவிட்டான்.

கல்யாணத்தன்று விடிந்ததும் கிளம்பினார்கள். அன்றைக்குக் கொண்டுபோன அதே தாம்பாளங்கள், அதே பழம், அதே நாலு பேர். கோமதிநாயகம் பட்டு வேட்டி கட்டி, தாலியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏறினான். மாமா அவனை நிறுத்தினார்.

"அன்னைக்குத் தாலி கொண்டு போகலையே."

கோமதிநாயகம் திடுக்கிட்டுப் போனான். இவ்வளவு பெரிய தப்பைப் பண்ண இருந்தோமே என்று தலையில் அடித்துக்கொண்டான். கடைசியில் அவனே வழி கண்டுபிடித்தான். தாலியின் எடைக்குச் சரியாகக் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டான். அன்றைக்கு ஓடாத போன்கள் இன்றைக்கும் ஓடக் கூடாது என்று எல்லாருடைய போனையும் அணைத்தார்கள். நேரத்தை அளக்க மாமாவின் வெற்றிலைக் கட்டு இருந்தது. முன்னால் போனபோது அது சரியாகப் பெண்வீட்டு வாசலில் தீர்ந்தது. இப்போது வாசலில் மிச்சம் இருந்தால் செலவு தகும், இல்லையென்றால் தகாது. இதைவிடச் சுத்தமான கணக்கு வேறு எங்கும் கிடையாது என்று மாமா சொன்னார்.

பூதப்பாண்டி மிதித்தான். கார் என்ன போக்குப் போனது என்கிறீர்கள். முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. ரயில்வே கேட்டுக்கு வந்தபோது மாமா முதல் வெற்றிலைக்கு இன்னும் சுண்ணாம்பு தடவி முடிக்கவில்லை. கேட் அகலத் திறந்து கிடந்தது. பூதப்பாண்டி வண்டியை நிறுத்தினான்.

கேட்கீப்பர் எட்டிப் பார்த்தார். "தெறந்துதான கெடக்கு, போங்க."

"அன்னைக்கு மூடியிருந்துச்சு" என்றான் கோமதிநாயகம்.

"அன்னைக்கு வண்டி வந்திருக்கும். இப்ப வண்டி இல்லை."

"கொஞ்சம் மூடுங்களேன். நாங்க நிக்கணும்."

"எதுக்குவே நிக்கணும்?"

"சீக்கிரம் போகத்தான்."

கேட்கீப்பர் இவனை ஏற இறங்கப் பார்த்தார். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், கழுத்தில் மாலை. அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இவர்கள் ரயில் வரும்வரை காத்திருந்தார்கள். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்து, இறங்கி வந்து, வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டுச் சுற்றிக்கொண்டு போனான். கடைசியில் ரயில் வந்தது, கேட் மூடியது, திறந்தது. நாலு பேர் முகத்திலும் நிம்மதி.

கேட்டைத் தாண்டினதும் கார் மறுபடி பறந்தது. ஆடு குறுக்கே வந்த இடத்துக்கு வந்தால், ஆட்டைக் காணோம்.

"முன்னாலயே வந்துட்டோம் போலிருக்கு" என்றான் பூதப்பாண்டி. அந்த வாக்கியத்தில் அவர்கள் தேடின பதில் முழுசாக இருந்தது. சொன்னவனுக்கும் தெரியவில்லை, கேட்டவர்களுக்கும் தெரியவில்லை.

ஆடுகள் தூரத்தில் ஒரு கொல்லையில் மேய்ந்துகொண்டிருந்தன. மேய்க்கிறவர் மரத்தடியில் தூங்கினார். தூங்குகிறவரை எழுப்புவது பாவம் என்று நாலு பேரும் தாங்களே போய் ஆடுகளைப் பத்திக்கொண்டு வந்தார்கள். ஆடுகள் ரோட்டுக்கு வந்தன, ரோட்டைத் தாண்ட மாட்டேன் என்றன. கோமதிநாயகம் கழுத்து மாலையை நீட்டி ஆசை காட்டினான். முன்னால் நின்ற கிடா மாலையில் பாதியைத் தின்றுவிட்டுத் தாண்டியது. மற்றவையும் தாண்டின. அப்போது மாமாவுக்கு ஒரு சந்தேகம்.

"அன்னைக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போச்சா, அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வந்துச்சா?"

யாருக்கும் நினைவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் தாண்ட வைத்தார்கள்.

வெயில் ஏறிவிட்டது. கோமதிநாயகம் சூரியனை அண்ணாந்து பார்த்தான். "முகூர்த்தம் தப்பிராதே மாமா?" என்றான்.

"கோட்டிப்பயலே, முகூர்த்தத்துக்கு நேரத்தோட போகத்தான இவ்வளவு பாடு படுதோம்?"

அது அவனுக்கு நியாயமாகப் பட்டது. பிரம்மசக்தியை நினைத்துக்கொண்டான். அவளுக்காக எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று அவனுக்கு உண்மையிலேயே ஆசை. ஆசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, ரோட்டில் ஆணி தேடினார்கள். கிடைக்கவில்லை. மாமா வீட்டிலிருந்தே ஒரு ஆணி கொண்டு வந்திருந்தார். அவருக்கு எல்லாவற்றிலும் முன்யோசனை. மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, கல்லெடுத்து, பின்பக்க டயரில் பக்தியோடு ஆணியை அடித்தான். காற்று புஸ்ஸென்று போனதும் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். பிறகு ஸ்டெப்னியை மாட்டினார்கள். அன்றைக்கு ஸ்டெப்னியை முதலில் திருப்பி மாட்டினதால், இன்றைக்கும் முதலில் திருப்பி மாட்டிவிட்டுப் பிறகு சரியாக மாட்டினார்கள்.

மலை ஏறினார்கள். வளைவுகளில் கார் வழுக்கிக்கொண்டு ஏறியது. ஒரு குலுக்கல் இல்லை. அதனால் நயினாருக்கு வாந்தி வரவில்லை. வாந்தி எடுத்த வளைவில் இறங்கி நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினான்.

"வரமாட்டேங்கு மாமா. என்னாலதான் கல்யாணம் பிந்துது."

"அழாத. நிதானமா முயற்சி பண்ணு" என்றார் மாமா.

கோமதிநாயகமும் பூதப்பாண்டியும் அவனை ஆளுக்கொரு கையாகப் பிடித்துச் சுற்றினார்கள். பூதப்பாண்டிக்கு வாந்தி வந்தது. அது கணக்கில் சேராது என்று மறுபடி சுற்றினார்கள். ரொம்ப நேரம் கழித்து நயினார் கடமையை முடித்தான். கோமதிநாயகம் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்து, "பெரிய உதவி பண்ணினடே" என்றான். நெஞ்சாரச் சொன்னான்.

தேன்பாறைக்குப் போய் இறங்கினபோது மாமா வாயில் கடைசி வெற்றிலை. அதையும் வாசல்வரை மெல்லாமல் பத்திரமாக ஒதுக்கி வைத்திருந்து, இறங்கியதும் மென்று, பந்தலுக்கு முன்னால் போட்டிருந்த பெரிய கல்யாணக் கோலத்தின் மேல் துப்பினார். கட்டைத் திறந்து காட்டினார். காலி.

"அன்னைக்கு மாதிரியேதான். இம்மி வித்தியாசம் இல்லை."

"அப்ப தகாது" என்றான் பூதப்பாண்டி.

"செலவு வீண்" என்றான் நயினார்.

கோமதிநாயகம் பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாற்காலியெல்லாம் காலி. மணையில் யாரும் இல்லை. மேளக்காரர்கள் இல்லை. ஆவுடையப்பன் மட்டும் ஒரு நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசற்படியில் கூறைப்புடவையோடு பிரம்மசக்தி நின்றாள். கண் சிவந்திருந்தது. அதைப் பார்த்ததும் கோமதிநாயகத்துக்கு ஏதோ ஒன்று தப்பாகிவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது. எது என்றுதான் புரியவில்லை.

"முகூர்த்தம் போயாச்சு" என்றார் ஆவுடையப்பன். அவர் குரலில் கோபம்கூட இல்லை, அலுத்துப் போயிருந்தது.

பிரம்மசக்தி படியிறங்கி வந்தாள். "அப்பா, இன்னொரு முகூர்த்தம் இருக்குன்னு அய்யரு சொல்லிட்டுத்தான போயிருக்காரு." பிறகு கோமதிநாயகத்திடம் திரும்பினாள். "எதிர்க் குன்றுக் கோயில்ல அய்யரு காத்திருக்காரு. நம்ம சனமெல்லாம் வேன்ல அங்க போயாச்சு. நீங்க வந்தா கூட்டிட்டு வாரோம்னு நாங்க ரெண்டு பேரும் நிக்கோம். இப்பமே போனாப் பிடிச்சிரலாம்."

"அதையும் விட்டா, இந்த மலையில அந்தக் கார் ஏறக் கூடாது" என்றார் ஆவுடையப்பன்.

மாமா முகம் மலர்ந்தது. "அட, அன்னைக்கும் இங்கருந்து அந்தக் கோயிலுக்குத்தான போனோம்? சோதனையில பாதி பாக்கி இருக்குடே."

பிரம்மசக்தி அதற்குள் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டாள். நாலு பேரும் காரைச் சுற்றி நின்று கவலையோடு அவளைப் பார்த்தார்கள்.

"ஏறுங்க" என்றாள்.

"அன்னைக்கு நாலு பேருதாம்மா போனோம்" என்றார் மாமா. "அஞ்சாவது ஆள் ஏறினா எடை கூடிப்போவும்."

அவள் மாமாவைப் பார்த்தாள், பிறகு கோமதிநாயகத்தைப் பார்த்தாள். பஜ்ஜி தேடி வைத்த கையை நெற்றியில் வைத்துக்கொண்டாள். "அப்பன்னா யாராவது ஒரு ஆள் எறங்கி நில்லுங்க. சீக்கிரம்."

யார் என்று ஆலோசனை நடந்தது.

"நான் எறங்கினா வண்டி ஓடாது" என்றான் பூதப்பாண்டி.

"நான் எறங்கினா எடை ரொம்பக் கொறைஞ்சிரும்" என்றார் மாமா. அதில் பொய் இல்லை.

"நான் வாந்தி எடுத்ததுல ஏற்கெனவே கொறைஞ்சு நிக்கேன்" என்றான் நயினார்.

கோமதிநாயகம் பிரம்மசக்தியை ஒரு தடவை பார்த்தான். தன்னை ஒரு தடவை குனிந்து பார்த்தான். அவளும் ஒல்லி, இவனும் ஒல்லி. அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அவளுக்காக ஒன்றைச் சரியாகச் செய்யக் கடைசியில் வாய்ப்புக் கிடைத்துவிட்டது.

"நான் நின்னுக்கிடுதேன்" என்றான். "எங்க ரெண்டு பேருக்கும் எடை ஒண்ணுதான். நீங்க சுருக்காப் போங்க."

மற்ற மூவரும் ஏறிக் கதவைச் சாத்தினார்கள். "ஐயோ, அவரு இல்லாம நான் அங்க போயி என்னத்துக்கு" என்று பிரம்மசக்தி ஆரம்பித்தாள். பூதப்பாண்டி மிதித்தான். மீதியைக் கேட்க அந்த இடத்தில் கார் இல்லை.

பந்தலில் மாமனாரும் மருமகனும் மட்டும் நின்றார்கள். கீழே சரிவில் கார் ஒரு வெள்ளைப் பொட்டாக இறங்கியது. கேட் இல்லை, ஆடு இல்லை, ஆணி இல்லை. ஆவுடையப்பன் வாயைத் திறந்து மூடுவதற்குள் அது எதிர்க் குன்றில் ஏறிக்கொண்டிருந்தது. கோயில் வாசலில் போய் நின்றது. கெட்டிமேளத்துக்குத் தயாராக அங்கே தவில்காரர் தட்டிப் பார்க்கிற சத்தம் இந்தக் குன்றுவரை கேட்டது.

கோமதிநாயகத்துக்கு ஆனந்தத்தில் கண் நிறைந்துவிட்டது. "பாத்தியளா மாமா? நேரத்துக்குப் போய்ச் சேந்தாச்சு. செலவு தகும்."

ஆவுடையப்பன் அவனை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "தாலி?"

கோமதிநாயகம் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினான்.

"கவலையே படாதீங்க. பத்திரமா எங்கிட்டதான் இருக்கு."